வோல்ட் இறங்கினால் ஆம்ப்ஸ் ஏறுவது ஏன்?

அன்னூர், சூலூர், பல்லடம், பொங்கலூர் என்று கோயம்புத்தூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் முகப்பில் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்பியர். சப்ளை ஒழுங்காக இருக்கும் நேரத்தில் முதல் முள் 415-ஐ ஒட்டி நிற்கும். 5 எச்.பி. மோட்டார் என்றால் இரண்டாவது முள் ஏழு, ஏழரையில் நிற்கும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் மோட்டார் போட்டதும் வோல்ட் முள் 380, 360 என்று இறங்கும். அந்த நேரம் பார்த்து ஆம்பியர் முள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

"ஏனுங் தம்பி, கரண்டு கம்மியா வந்தா மோட்டாரும் கம்மியாத்தானே இழுக்கோணும்?" என்று விவசாயி கேட்பதில் தப்பே இல்லை. பள்ளிப் பாடப்புத்தகம் அவர் பக்கம்தான் நிற்கிறது. "அது ஹீட்டருக்குங்ண்ணா. மோட்டாருக்கு வேற கணக்குங்க" என்று எலெக்ட்ரீசியன் சொல்வார். சொல்லிவிட்டு, வோல்டேஜ் சரியாகும்வரை மோட்டாரை நிறுத்தி வைக்கச் சொல்லிப் போவார். அவர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியென்றால் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

முதலில் ஹீட்டர் கணக்கு. குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். வீட்டு சப்ளை 230 வோல்ட். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. ஆகவே 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் ராடு இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும்: 6.5. இனி 230-ஐ அந்த 6.5-ஆல் வகுத்தால் 35 சொச்சம் வரும். அதுதான் ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் சுருளின் மின்தடை, ஓமில். இந்த இரண்டு வரிகளைத் தெரிந்துகொண்டால் நான்கு அளவுகளில் எந்த இரண்டு கையில் இருந்தாலும் மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம்.

வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் என்ன ஆகும்? சுருள் அதே சுருள். 35 ஓம் 35 ஓமாகவே இருக்கும். 180-ஐ அதனால் வகுத்தால் 5.1 ஆம்பியர். 180-ஐயும் 5.1-ஐயும் பெருக்கினால் 918 வாட். வோல்ட் குறைந்ததோ ஐந்தில் ஒரு பங்குதான், சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் சேர்ந்து இறங்குவதால் வாட்டுக்கு இரட்டை அடி விழுகிறது. தண்ணீர் காய நேரமாகும். ஆனால் ராடுக்கு ஒன்றும் ஆகாது.

தடை மாறாதவரை வோல்ட்டோடு ஆம்பியரும் அதே விகிதத்தில் ஏறி இறங்கும் என்ற விதியைக் கேயார்க் சைமன் ஓம் கண்டுபிடித்தபோது அவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் காலத்து வோல்ட்டா பேட்டரிகள் இணைத்த கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்துவிடும். அவற்றை வைத்து ஒரு அளவை இரண்டு முறை ஒரேபோல எடுக்க முடியாது. அதனால் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் மறு இணைப்பைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்த வெப்ப வேறுபாடு அசையாத ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தந்தது. விதவிதமான நீளக் கம்பிகளை மாட்டி, காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று குறித்தார். 1827-ல் புத்தகமாக வந்தது. சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் பேர் பரவியது. அவருக்கு நாற்பது ஐம்பது ஆண்டு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி காவென்டிஷ் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்திருந்தார். மீட்டர் இல்லாத காலம். தன் உடம்பில் ஷாக் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்தே மின்னோட்டத்தை அளந்திருக்கிறார். எழுதி வைத்ததை வெளியிடாமல் போனதால் விதிக்கு ஓமின் பெயர் வாய்த்தது.

ஓமின் விதி உலோகக் கம்பிக்குச் சரி, அதுவும் வெப்பநிலை மாறாத வரைக்கும். அந்த நிபந்தனையைப் பரீட்சையில் எழுதுகிறோம், வாழ்க்கையில் மறந்துவிடுகிறோம். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று பரணில் கிடந்தால் மல்ட்டிமீட்டரில் அளந்து பாருங்கள். கணக்குப்படி 529 ஓம் இருக்க வேண்டும். மீட்டரோ நாற்பதைச் சுற்றித்தான் காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும், தடை பன்மடங்கு ஏறியிருக்கும். குளிர்ந்த இழையின் தடை வேறு. பழைய பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் கணத்தில் பட்டென்று போனதற்கும் இதுவே காரணம்.

இனி மோட்டாருக்கு வருவோம். கோவை மண்ணுக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலை மேலிருந்து மின்சாரம் சமவெளிக்கு வந்தது, பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். பிறகு பம்புசெட், கிரைண்டர், விசைத்தறி என்று ஊரே மோட்டார் ஊராகிவிட்டது. வைண்டிங் கடை இல்லாத தெருவைத் தேட வேண்டும்.

அப்படி ஒரு வைண்டிங் கடை மேசையில் ஒரு 5 எச்.பி. மோட்டார் கிடக்கிறது என்று வையுங்கள். டெல்டா இணைப்பில் ஓடும் மோட்டார். ஒரு பேஸ் சுற்றை மட்டும் அளந்தால் ஐந்து ஓமைச் சுற்றி வரும். அதற்குக் கிடைக்கப்போவது 415 வோல்ட். ஹீட்டர் கணக்கில் போட்டால் 83 ஆம்பியர் ஓட வேண்டும். செம்பு நிமிடக் கணக்கில் உருகிவிடும். ஆனால் ஓடும்போது அந்தச் சுற்றில் போவது நாலே கால் ஆம்பியர்தான். 415-ஐ 4.2-ஆல் வகுத்தால் 100 ஓமுக்குப் பக்கத்தில் வருகிறது. மீட்டர் 5 என்கிறது, கணக்கு 100 என்கிறது. மீதி 95 எங்கிருந்து வந்தது?

அது கம்பியின் தடையே இல்லை. மோட்டார் சுழலும்போது அதே சுற்றுகளுக்குள் எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. வெளியிலிருந்து 415 தள்ளினால் உள்ளிருந்து அது கிட்டத்தட்ட அதே அளவுக்கு எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டுக்கும் உள்ள சிறிய வித்தியாசம்தான் மின்னோட்டத்தை நடத்துகிறது. மோட்டார் நின்றிருந்தால் இந்த எதிர்ப்புப் பெரும்பாலும் இராது. சுற்றுகளின் காந்தப் புலம் மட்டும் ஓரளவுக்குத் தடுக்கும். பட்டனை அழுத்திய கணத்தில் ஆம்பியர் முள் ஆறு ஏழு மடங்குக்குத் துள்ளி, சுழலும் பாகமான ரோட்டர் வேகம் பிடித்ததும் கீழே விழுவது இதனால்தான். பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போடுவதும் அந்தத் துள்ளலை அடக்கத்தான்: முதலில் ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் 415-க்குப் பதில் 240 வோல்ட் மட்டும் போகும், லைனில் இழுக்கும் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்காகும், வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாறும்.

விவசாயியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஹீட்டர் ராடு கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். மோட்டார் அப்படியல்ல. அதன் தண்டில் மாட்டியிருக்கும் பம்புதான் இவ்வளவு வேலை வேண்டும் என்று கேட்கிறது. ஒரு நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் தூக்க, உராய்வு எதுவும் இல்லாவிட்டாலும் 981 வாட் வேண்டும். வோல்டேஜ் குறைந்த செய்தி தண்ணீருக்குத் தெரியாது. வோல்ட் இறங்கியதும் மோட்டாருக்குள் காந்தப் புலம் பலவீனமாகிறது. அதே முறுக்குவிசையைத் தர ரோட்டர், சுழலும் அந்தப் புலத்துக்கு இன்னும் கொஞ்சம் பின்தங்கிச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடிக்கொண்டிருந்தது 2,830, 2,800 என்று இறங்கும். பின்தங்கப் பின்தங்க ரோட்டரில் மின்னோட்டம் கூடும், அதை ஈடுகட்ட லைனிலிருந்து இழுப்பதும் கூடும். வேகம் இறங்குவது சிறிதளவே என்பதால் பம்பு கேட்கும் வேலை பெரிதாகக் குறைவதில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது ஏறத்தாழ அப்படியே இருந்தாக வேண்டும். ஒன்று இறங்கினால் மற்றது ஏறத்தான் வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். 415 வோல்ட்டில் 7.2 ஆம்பியர். மூன்று பேஸ் என்பதால் பெருக்கியதை 1.732-ஆல் மறுபடி பெருக்க வேண்டும்: 5,175 வருகிறது. இதை அப்படியே வாட் என்று எழுதக் கூடாது. மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கொஞ்சம் பின்னால் வருவதால் ஒரு பகுதி காந்தத்தை உண்டாக்கப் போய், திரும்ப லைனுக்கே வந்துவிடும். உண்மையில் செலவாவதைக் காட்டும் எண்தான் பவர் ஃபேக்டர், 0.85 என்று வைத்தால் 4,400 வாட். 5 எச்.பி. என்று பெயர்ப்பலகையில் இருப்பது தண்டில் கிடைக்கும் வேலை, ஒரு எச்.பி.க்கு 746 வாட் வீதம் 3,730. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள 670 வாட் வித்தியாசம் மோட்டாரைச் சூடாக்குகிறது.

அந்தச் சூட்டில் அசையாத பாகமான ஸ்டேட்டரின் செம்புச் சுற்றுகளுடைய பங்கை மட்டும் தனியே எடுப்போம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் சூடு. இது 1841-ல் ஜூல் அளந்து சொன்னது. ஒரு சுற்றில் 4.2 ஆம்பியர், 5 ஓம், மூன்று சுற்று: ஏறத்தாழ 265 வாட். வோல்டேஜ் 330-க்கு இறங்கி லைன் ஆம்பியர் 9-க்கு ஏறிவிட்டது என்றால் அதே சுற்றுகளில் 410 வாட் சூடு. ஆம்பியர் கால் பங்கு கூடியதற்குச் சூடு பாதிக்கு மேல் கூடிவிட்டது. சூடேறிய செம்பின் தடையும் ஏறும், அதனால் சூடு இன்னும் கொஞ்சம் கூடும். கம்பியின் மேல் பூசிய இன்சுலேஷன் பத்து டிகிரி கூடுதலாகக் காய்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்க்காரர்களின் பழைய கணக்கு. அதனால்தான் லோ வோல்டேஜில் ஓட்டிய மோட்டார் பெரும்பாலும் அன்றைக்கே எரியாது. இரண்டு சீசன் ஓடிவிட்டு, வோல்டேஜ் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எரிந்து, எல்லோரையும் குழப்பும்.

சுற்றுக்குள் எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும்? தெர்மாமீட்டரை உள்ளே விட முடியாது. இங்கேதான் ஓம் திரும்ப வருகிறார், அதுவும் அழகாக. குளிர்ந்த மோட்டாரில், அறை வெப்பம் 30 டிகிரியில், சுற்றின் தடையை டி.சி. கொடுத்து அளந்து வைத்துக்கொள்வார்கள்: 5.0 ஓம். முழு லோடில் நெடுநேரம் ஓட்டி நிறுத்தியதும் உடனே மறுபடி அளப்பார்கள்: 6.0 ஓம். செம்புக்கு 235 என்று ஒரு எண் உண்டு. 235-உடன் 30-ஐக் கூட்டி, 6-க்கு 5 என்ற விகிதத்தால் பெருக்கி, மறுபடி 235-ஐக் கழித்தால் 83 வரும். சுற்றின் சராசரி வெப்பம் 83 டிகிரி. பம்பு, மோட்டார்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் இதுவே வழக்கமான முறை. கோவையிலேயே சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பதற்கு இவ்வளவு நுட்பமான பயன் இருப்பதை நம் பாடப்புத்தகம் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் குறைதான்.

வோல்டேஜ் ஏன் இறங்குகிறது என்பதற்கும் அதே ஓம்தான் காரணம், இந்த முறை கம்பியில். மின்சாரம் வரும் ஒவ்வொரு அடிக் கம்பியிலும் கொஞ்சம் தடை உண்டு. ஆம்பியரை அதனால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைக்கோடியில் இருக்கும் தோட்டத்துக்கு லோ வோல்டேஜ் தொல்லை அதிகம் என்பது ஊரறிந்த விஷயம்.

நெடுந்தூரத்துக்கு இதைத் தவிர்க்கும் வழி வோல்ட்டை உயர்த்துவது. பைக்காராவின் தண்ணீரையே இதற்கு உவமையாகச் சொல்லலாம்.  அங்கே குழாய்களில் வரும் தண்ணீர் மூவாயிரம் அடிக்கு மேல் விழுகிறது. உயரம் பெரிது என்பதால் கொஞ்சம் தண்ணீரே நிறைய வேலை செய்கிறது. அதேபோல வோல்ட் உயர்ந்தால் குறைந்த ஆம்பியரே அதே வாட்டைச் சுமந்துவிடும். 10 மெகாவாட்டை 11,000 வோல்ட்டில் அனுப்ப 525 ஆம்பியர் வேண்டும். 66,000-ல் அனுப்பினால் 87 போதும். ஆம்பியர் ஆறில் ஒன்று, அதே கம்பியில் தொலையும் சூடு முப்பத்தாறில் ஒன்று.

ஆனால் 415 வோல்ட்டில் நெடுந்தூரம் போக வேண்டிய ஓர் இடம் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. அது போர்வெல். நிலத்தடி நீர் இறங்க இறங்க எண்ணூறு, ஆயிரம் அடிக்கு மோட்டாரை இறக்குகிறோம். கூடவே கேபிளும் ஆயிரம் அடி இறங்குகிறது. 10 எச்.பி. சப்மெர்சிபிள் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். செலவைக் குறைக்க 2.5 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போட்டால் ஒரு கோருக்கு ஆயிரம் அடியில் 2.3 ஓம் இருக்கும். சூட்டுக் கணக்கு: 15-இன் வர்க்கம் 225, பெருக்கல் 2.3, மூன்று கோருக்கு ஏறத்தாழ 1,550 வாட். இரண்டு எச்.பி.க்கு மேல். ஒரு வாட்டர் ஹீட்டர் ராடைப் போர்வெல்லுக்குள் தொங்கவிட்டதற்குச் சமம். வோல்ட் கணக்கு: 15, 2.3, 1.732, 0.85 நான்கையும் பெருக்கினால் 51. மேலே பேனலில் 380 காட்டுகிறது, பரவாயில்லை என்று நினைக்கிறோம். கீழே மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 329. அதே கேபிள் 6 ஸ்கொயர் எம்.எம். என்றால் கோருக்கு 1 ஓம்தான். இழப்பு 675 வாட், வோல்ட் இறக்கம் 22.

இந்த 1,550 வாட்டுக்கு யார் காசு கொடுப்பது? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. யூனிட் என்பது ஆயிரம் வாட்டை ஒரு மணி நேரம் செலவழித்தது. ஒரு காலத்தில் இந்த யூனிட்டுக்காக இந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த ஒரு பைசாப் போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு நடத்திய போராட்டத்தில் மாட்டு வண்டிகள் கோவை நகரை அடைத்தன. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வு என்றால் அலட்சியமாகத் தோன்றும். 5 எச்.பி. மோட்டாருக்கு மணிக்கு 4.4 யூனிட், பத்து மணி நேரத்துக்கு 44 பைசா, வருஷத்தில் இருநூறு நாள் ஓடினால் 88 ரூபாய். அன்றைய பண மதிப்பில் போட்டுப் பார்த்தால் கோபம் புரியும்.

1990-ல் எல்லா விவசாயப் பம்புசெட்டுகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. அதனால் கேபிளில் போகும் யூனிட் விவசாயியின் கணக்கில் விழுவதில்லை, மின்வாரியத்தின் கணக்கிலும் தனியாகத் தெரிவதில்லை. விவசாயி கொடுப்பது வேறு வகையில்: ஆயிரம் அடிக் குழாயையும் மோட்டாரையும் மேலே இழுக்கும் கூலி, வைண்டிங் செலவு, மோட்டார் திரும்பி வரும்வரை காயும் வாழை. இந்தக் கணக்கைப் போட்டால் தடித்த கேபிளின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரியாது என்பது என் கட்சி.

கேபிள் வாங்கும்போது சுருளின் மேல் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. சுருளைப் பிரிக்கவும் வேண்டாம். ஒரு முனையில் இரண்டு கோர்களை நன்றாகச் சுரண்டி முறுக்கிவிட்டு, மறுமுனையில் அதே இரண்டையும் மல்ட்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவை அதில் கழித்துவிடுங்கள். ஆயிரம் அடிச் சுருளில் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் இரண்டாயிரம் அடி, 2.5 என்று சொல்லி விற்ற கேபிளுக்கு 4.6-ஐ ஒட்டி வர வேண்டும். ஆறு ஓம் காட்டினால் உள்ளே செம்பு குறைச்சல்.